உமக்குச் சித்தமானால்: எங்கே சொல்வது, எங்கே சொல்லக்கூடாது

புதிதாக ஜெபிக்கப் பழகுகிறவர்கள் பலர் இப்படித்தான் ஜெபிக்கிறார்கள்: "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் என் முன்கோபத்தை மாற்றும்." அதே மூச்சில் அடுத்த விண்ணப்பம்: "அந்தத் துபாய் வேலை இந்த மாதத்துக்குள் எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும், இயேசுவின் நாமத்தில்!" இரண்டுமே தலைகீழ். முன்கோபம் மாறுவது தேவனுக்குச் சித்தமா என்று யோசிக்கவே வேண்டாம். வேதம் அதை நேராகவே சொல்லிவிட்டது. துபாய் வேலையைப் பற்றித்தான் வேதத்தில் ஒரு வரியும் இல்லை.

"நாம் எதையாகிலும் அவருடைய சித்தத்தின்படி கேட்டால், அவர் நமக்குச் செவிகொடுக்கிறாரென்பதே அவரைப்பற்றி நாம் கொண்டிருக்கிற தைரியம்" என்கிறது 1 யோவான் 5:14. தைரியம் தரவேண்டிய இந்த வசனம் புதியவர்களுக்குப் பயத்தைத் தருகிறது. அவருடைய சித்தம் என்னவென்றே தெரியாதபோது எப்படிக் கேட்பது? உபாகமம் 29:29 இதற்கு வழி சொல்கிறது: மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை. மறைவானதைத் துப்பறிவது நம் வேலையல்ல. நம் விண்ணப்பத்தில் எந்தப் பகுதி ஏற்கெனவே வெளிப்படுத்தப்பட்டது, எந்தப் பகுதி இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை. சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையில் இருந்தாலும் இதைச் செய்யலாம். சத்தமாக ஜெபிப்பதா, எழுதி வாசிப்பதா என்பது வேறு விஷயம்.

என்னென்ன வேண்டும்

ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா, இருபது நிமிடம். கைப்பேசியில் வேதம் வாசிக்கிறவர்கள் குறைந்தது இந்த இருபது நிமிடத்துக்காவது அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். வாட்ஸ்அப் மணி ஒருமுறை அடித்தால் போதும், ஜெபம் அங்கேயே முடிந்துவிடும்.

நோட்டில் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதி. அதன் கீழே ஐந்து தலைப்புகள்: என்ன கேட்கிறேன், எந்த வசனம், எதற்காக, என் பங்கு என்ன, பதில். கடைசித் தலைப்புக்குப் பாதிப் பக்கமாவது காலியாக விடுங்கள்.

எழுதி வைப்பது விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளுக்கு இடமளித்த விடுதிகளை, மனிதர்களிடம் பணம் கேட்காமல் ஜெபத்தாலேயே நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898) தம் விண்ணப்பங்களையும் பதில்களையும் தேதியிட்டு எழுதிவைத்தவர். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றால், கேட்டதையே மறந்துபோவோம். பதில் வந்தும் ஸ்தோத்திரம் சொல்லாமல் அடுத்த கவலைக்குப் போய்விடுவோம்.

முதல் வேலை: விண்ணப்பத்தைப் பிரிப்பது

எந்த விண்ணப்பமும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, எழுதப்பட்டது. தேவனுக்குச் சித்தம் என்று வேதமே சொல்லிவிட்டவை. நாம் பரிசுத்தமாக வாழ்வது (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது (1 தெசலோனிக்கேயர் 5:18), ஞானம் பெறுவது (யாக்கோபு 1:5), பரிசுத்த ஆவியைப் பெறுவது (லூக்கா 11:13), பிறரை மன்னிப்பது (மாற்கு 11:25), அன்றன்றைக்குள்ள ஆகாரம் (மத்தேயு 6:11), அறுப்புக்கு ஆட்கள் அனுப்பப்படுவது (மத்தேயு 9:38), அதிகாரத்தில் இருப்பவர்களுக்காகவும் எல்லா மனுஷருடைய இரட்சிப்புக்காகவும் ஜெபிப்பது (1 தீமோத்தேயு 2:1–4). இவற்றைக் கேட்கும்போது "உமக்குச் சித்தமானால்" என்று சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது பணிவு ஆகாது. அவர் சொன்னதை நம்பவில்லை என்றுதான் ஆகும். இதில் ஒரு கவனம் வேண்டும். உங்கள் அண்ணன் இரட்சிக்கப்பட வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். ஆனால் "இந்தக் கிறிஸ்துமஸுக்குள்" என்று தேதி குறிக்க வேதத்தில் வாக்குத்தத்தம் இல்லை. தேதி நீங்கள் சேர்த்தது.

இரண்டு, எழுதப்படாதது. எந்த வேலை, எந்த ஊர், எந்த வரன், எந்தக் கல்லூரி, இந்த மனையை வாங்கலாமா, இந்த நோய் எப்போது குணமாகும். யாக்கோபு 4:13–15 இப்படிப்பட்டவற்றைத்தான் பேசுகிறது. இன்ன பட்டணத்துக்குப் போய் ஒரு வருஷம் தங்கி வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று திட்டம் போடுகிறவர்களிடம், "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லச் சொல்கிறார் யாக்கோபு. அவர் திட்டம் போடுவதைத் தடுக்கவில்லை. திட்டத்தின் மேல் பூட்டுப் போடுவதைத்தான் தடுக்கிறார்.

மூன்று, விரோதமானது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பணி நியமனத்துக்காக யாரிடமோ லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அந்தப் பணம் வீணாகாமல் வேலை கிடைக்க வேண்டும் என்று உபவாசம் இருப்பவர்கள் உண்டு. நல்ல வரதட்சணையோடு சம்பந்தம் அமைய வேண்டும் என்று ஜெபக் குறிப்புக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. வரதட்சணை 1961 முதல் இந்தியச் சட்டப்படியே குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கில் நாசமாகப் போகவேண்டும் என்ற ஜெபமும் இதே கூடையில்தான் விழும். சமாரியர் ஊரை அக்கினியால் அழிக்கட்டுமா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் இயேசு அதட்டினார் (லூக்கா 9:54–55). இந்த வகைக்கு ஜெபம் தேவையில்லை, நிறுத்துவதுதான் தேவை. இஸ்ரவேலரைச் சபிக்க வரும்படி அழைக்கப்பட்ட பிலேயாமின் கதையைப் படியுங்கள் (எண்ணாகமம் 22). முதல் முறையே "போகவேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகும், பெரிய வெகுமதி வந்ததும் மறுபடி கேட்கப் போனார். போக அனுமதி கிடைத்தது, வழியில் பட்டயத்தோடு தூதனும் நின்றான்.

நடைமுறையில் ஒரே விண்ணப்பத்துக்குள் மூன்றும் கலந்துதான் வரும். அந்தத் துபாய் வேலையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வருட ஒப்பந்தம், பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும், மனைவியும் மூன்று வயதுப் பிள்ளையும் ஊரில் இருப்பார்கள், நான்கு லட்சம் கடன் இருக்கிறது, ஏஜெண்ட் ஐந்து வருட அனுபவச் சான்றிதழ் "ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்கிறார். இதை ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஜெபிக்காதீர்கள்.

கடனைத் திருப்பிச் செலுத்துவது எழுதப்பட்டது: "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" (சங்கீதம் 37:21), ரோமர் 13:8. குடும்பத்தைப் பராமரிப்பதும் எழுதப்பட்டது (1 தீமோத்தேயு 5:8). முடிவெடுக்க ஞானமும் அப்படியே. இந்த மூன்றையும் உறுதியாகக் கேளுங்கள். கடன் தீர துபாய்தான் வழியா என்பது எழுதப்படாதது. அதை ஆசையோடு கேட்கலாம், "உமக்குச் சித்தமானால்" என்பதையும் சேர்த்து. போலிச் சான்றிதழ் விரோதமானது. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு ஏஜெண்டிடம் இன்றே "வேண்டாம்" என்று சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேலை இல்லை என்றால் பத்து நாள் ஜெபம் தேவைப்படவில்லை, பதில் வந்தாயிற்று.

"என் பங்கு" என்ற தலைப்பின் கீழ்: ஏஜெண்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது, ஒப்பந்தத்தில் சம்பளம், தங்குமிடம், விடுப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படிப்பது, மனைவி மனதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்பது, போகிற இடத்தில் ஆராதனைக்கு வழி உண்டா என்று விசாரிப்பது. நெகேமியா கிஸ்லேவு மாதத்தில் எருசலேமின் மதில் இடிந்துகிடப்பதைக் கேட்டு அழுது உபவாசித்தார். நிசான் மாதத்தில் ராஜாவிடம் பேச வாய்ப்பு வந்தபோது எத்தனை நாள் ஆகும், எந்தெந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், எங்கிருந்து மரம் எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார் (நெகேமியா 1–2). இடைப்பட்ட அந்த நான்கு மாதமும் அவர் ஜெபித்தார், கணக்கும் போட்டார்.

இரண்டாவது: "எதற்காக" என்ற வரி

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கீழே, "இதைத் தந்தால் அதனால்..." என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதி முடியுங்கள். பழைய ஜெபப் புத்தகங்களில் ஞாயிறுதோறும் வாசிக்கும் சிறு ஜெபங்களின் அமைப்பைப் பார்த்தால் இது புரியும்: தேவனை அழைப்பது, அவர் செய்ததை ஒரு வரியில் நினைப்பது, ஒரே ஒரு விண்ணப்பம், அந்த விண்ணப்பம் எதற்காக என்பது, கிறிஸ்துவின் மூலமாக என்ற முடிவு. நாலைந்து வரிதான், ஆனால் நோக்கம் விட்டுப்போகாது.

யாக்கோபு 4:3 சொல்வது இங்கேதான் பொருந்துகிறது: இச்சைகளை நிறைவேற்றச் செலவழிக்க வேண்டுமென்று தகாதவிதமாய்க் கேட்பதால் பெற்றுக்கொள்ளாமல் இருக்கிறீர்கள். "அதனால் சொந்தக்காரர்கள் முன்னால் தலை நிமிர்ந்து நடப்பேன்" என்று எழுதினீர்களா? மறைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான விண்ணப்பம்; அந்தக் காயத்தைப் பற்றி முதலில் பேசுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் இறைச்சி கேட்டபோது கேட்டது கிடைத்தது, ஆனால் ஆத்துமாக்களில் இளைப்பும் சேர்ந்து வந்தது என்கிறது சங்கீதம் 106:15. கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் அது நல்ல விண்ணப்பம் ஆகிவிடாது.

மூன்றாவது: சொந்த விருப்பத்தை இறக்கி வைப்பது

வழிநடத்துதலைத் தேடும்போது முல்லர் முதலில் செய்ததாகச் சொல்வது, அந்தக் காரியத்தில் தம் இருதயத்துக்கென்று சொந்தச் சித்தம் இல்லாத நிலைக்கு வருவது. சிக்கலில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது அவர் கணிப்பு. சொல்வது எளிது. வந்துவிட்டோமா என்று எப்படித் தெரியும்?

நோட்டில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். "கிடைத்தால் அடுத்த திங்கட்கிழமை நான் செய்யப்போவது..." "கிடைக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை நான் செய்யப்போவது..." இரண்டாவது வரியை எழுதவே கை வரவில்லை என்றால் இன்னும் இறக்கி வைக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் சில நாட்களுக்கு வேலைக்காகக் கேட்பதை நிறுத்திவிட்டு, "இந்த இரண்டாவது வரியை எழுத எனக்குப் பலன் தாரும்" என்று கேளுங்கள். இது முதல் வகை விண்ணப்பம், தயக்கமில்லாமல் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆசையைச் சொல்லாமலே "உம் சித்தம் ஆகட்டும்" என்று முடித்துவிடுவது. கேட்கப் பக்தியாக இருக்கும். பெரும்பாலும் அது ஏமாற்றத்துக்குப் பயந்து முன்கூட்டியே பின்வாங்குவது. கெத்செமனேயில் இயேசு அப்படிச் செய்யவில்லை. இந்தப் பாத்திரம் நீங்க வேண்டும் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்டார். "ஆகிலும்" என்பது அதற்குப் பிறகு வந்தது. மத்தேயு 26:39-ஐயும் 42-ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் அசைவு தெரியும்: முதல் ஜெபத்தில் "நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்", இரண்டாவதில் "நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது". அவருக்கே ஒரே ஜெபத்தில் முடியவில்லை, மூன்று முறை ஜெபித்தார். உங்களுக்கு மூன்று வாரம் ஆனால் கூச்சப்பட வேண்டாம்.

இருபது நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது

ஸ்தோத்திரத்துக்கு மூன்று நிமிடம். பொதுவாக "நன்றி ஆண்டவரே" என்று சொல்லாமல் நேற்றைய நாளிலிருந்து மூன்று காரியங்களைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பிறகு வேதத்துக்கு ஏழு நிமிடம், ஒரு சங்கீதம் அல்லது பதினைந்து வசனம், நேற்று விட்ட இடத்திலிருந்து. பாவ அறிக்கைக்கு இரண்டு நிமிடம். விண்ணப்பத்துக்கு ஆறு. கடைசி இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். அப்போது மனதில் வருகிற வேலைகளையும் கவலைகளையும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துத் தள்ளிவிடுங்கள்.

வேதம் ஏன் விண்ணப்பத்துக்கு முன்னால்? எருசலேம் பாழாய்க் கிடக்கும் காலம் பற்றி எரேமியா எழுதிய எழுபது வருஷக் கணக்கைப் புஸ்தகங்களில் படித்து அறிந்த பிறகே தானியேல் ஜெபிக்க உட்கார்ந்தார் (தானியேல் 9:2–3). படித்தால் கேட்பதே மாறும். கேட்டு முடித்த பிறகு படித்தால், கேட்டதற்குச் சாதகமான வசனத்தைக் கண்கள் தேடத் தொடங்கிவிடும்.

பாவ அறிக்கையை இரண்டே நிமிடம் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். "என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்" (சங்கீதம் 66:18). கணவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கையும் இருக்கிறது: மனைவியைக் கனப்படுத்தாவிட்டால் ஜெபங்களுக்குத் தடை வரும் (1 பேதுரு 3:7). இரவு சண்டை போட்டுவிட்டு அதிகாலை நாலு மணிக்கு எழுந்து முழங்கால்படியிடுவதற்கு முன், சமையலறைக்குப் போய் மன்னிப்புக் கேட்பது முந்திய வேலை.

ஒரு மாதிரி ஜெபம், மேலே சொன்ன வேலைக்காக:

"பரலோகப் பிதாவே, இதுவரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள் இல்லாமல் நடத்தினீரே, ஸ்தோத்திரம். நாங்கள் வாங்கிய கடனை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிக் கொடுக்க வழி செய்யும். என் மனைவியையும் பிள்ளையையும் நான் கைவிடாமல் பராமரிக்க உதவும். முடிவெடுக்க ஞானம் தாரும், நீர் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்று சொல்லியிருக்கிறீர். துபாய் வேலை கிடைக்க வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை, அதை உம்மிடம் மறைக்கவில்லை. உமக்குச் சித்தமானால் அதைத் தாரும். இல்லையென்றால் அடைத்துவிடும், அடைபட்ட கதவை நான் உடைக்காமல் இருக்கப் பலன் தாரும். இயேசுவின் மூலம் கேட்கிறேன், ஜெபம் கேளும் நல்ல பிதாவே, ஆமென்."

வாய்விட்டுச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நீளம் போதவில்லை என்று அலங்கார வார்த்தைகளைச் சேர்க்க வேண்டாம்.

பதிலைப் படிப்பதில் நேரும் தவறுகள்

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைப்பது முதலாவது. வசனம் யாருக்கு, எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை இது அறுத்தெறிந்துவிடுகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் இதே ஆபத்துக்கு உட்பட்டது. அட்டையில் தவறில்லை, வருஷம் முழுக்கத் தியானிக்க ஒரு வசனம் கிடைப்பது நல்லதுதான். அதை வைத்து மனை வாங்கத் தேதி குறிப்பதுதான் தவறு. எரேமியா 29:11 அட்டைகளில் அடிக்கடி வரும்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்திய வசனம் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம், சிறைப்பட்டுப்போனவர்களிடம் பாபிலோனிலேயே வீடு கட்டித் தோட்டம் போடுங்கள் என்கிறது. அந்த வாக்குத்தத்தத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்க முடியாது.

"இன்று சாயங்காலத்துக்குள் போன் வந்தால் சித்தம், வராவிட்டால் இல்லை" என்று அடையாளம் கேட்பது அடுத்தது. ஆட்டுத்தோலை விரித்து அதில் பனி பெய்கிறதா என்று பார்த்து அடையாளம் கேட்ட கிதியோனை உதாரணம் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை முழுதாகப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தோலை விரிப்பதற்கு முன்பே அவருக்குச் சொல்லப்பட்டாயிற்று. வழி தெரியாமல் அவர் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். அதற்கும் தேவன் பொறுமையாக இறங்கிவந்தார் என்பதுதான் அங்கே உள்ள செய்தி.

"கதவு திறந்திருக்கிறது, மனதில் சமாதானமும் இருக்கிறது" என்பதை மட்டும் நம்பி முடிவெடுப்பது இன்னும் நுட்பமான தவறு. தேவன் போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் யோனா ஓடும்போது யோப்பாவில் கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது, புயலின் நடுவே அயர்ந்த நித்திரையும் வந்தது. கெத்செமனேயில் பிதாவின் சித்தத்தின் நடுவிலேயே நின்ற இயேசுவுக்கோ இரத்தத்தின் பெருந்துளிகளாய் வியர்வை. அதனால் சமாதானம் பொய் என்று ஆகிவிடாது. அதைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேதம் தடுக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, உங்களை நன்றாக அறிந்த, உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காத இரண்டு மூன்று பேர் என்ன சொல்கிறார்கள். அதன் பிறகு சூழ்நிலை. இவை ஒத்துப்போன பின் சில நாட்கள் தொடர்ந்து ஜெபித்தும் மனம் அமைதியாகவே இருந்தால், அப்போது அந்தச் சமாதானத்துக்கு மதிப்பு உண்டு.

பிறர் வந்து "கர்த்தர் உங்களுக்குச் சொல்லச் சொன்னார்" என்பதும் உண்டு. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்ற கையோடு எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்கிறார் பவுல் (1 தெசலோனிக்கேயர் 5:20–21). 1 இராஜாக்கள் 13-ல், தேவனே நேரடியாக வழி சொல்லியிருந்த ஒரு மனுஷன், வயதான ஒரு தீர்க்கதரிசி சொன்ன பொய்யை நம்பித் திரும்பிப் போனார்; சிங்கம் அடித்துச் செத்தார். குறிப்பாக, இன்னாரைத் திருமணம் செய்யச் சொன்னார், இவ்வளவு காணிக்கை கொடுக்கச் சொன்னார் என்று வரும் வார்த்தைகளுக்கு அன்றே பதில் சொல்லாதீர்கள். நிஜமாகவே தேவன் சொன்னது ஒரு மாதம் கழித்தும் நிஜமாகவே இருக்கும்.

பொருத்தனை, அதாவது தேவனுக்கு நேர்ந்துகொள்வது பற்றி ஒரு வார்த்தை. அன்னாள் பண்ணினாள், நிறைவேற்றினாள் (1 சாமுவேல் 1). யெப்தா அவசரப்பட்டு நேர்ந்துகொண்டதன் விலையை அவர் மகள் கொடுத்தாள் (நியாயாதிபதிகள் 11). புதியவர்களுக்கு எங்கள் யோசனை: முதல் வருடம் பொருத்தனையே வேண்டாம்.

நோய்க்காக ஜெபிக்கும்போது

இங்கேதான் "சித்தமானால்" என்ற வார்த்தைக்கு அதிகச் சண்டை. அப்படிச் சொன்னால் அவிசுவாசம், சுகம் வராது என்று சிலர் போதிக்கிறார்கள். மாற்கு 1:40-ல் குஷ்டரோகி சொன்னதே "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்பதுதான். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை, தொட்டுச் சுகமாக்கினார். அவர் திருத்தியது, மாற்கு 9-ல் பிசாசு பிடித்த பையனின் தகப்பன் "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றபோது. அவருடைய வல்லமையைச் சந்தேகிப்பது ஒன்று. அவருடைய முடிவுக்கு இடம் விடுவது வேறு. ஆகவே சுகம் கேளுங்கள், தைரியமாக, தினமும். "உம்மால் ஆகும்" என்பதை உறுதியாகவும் "உமக்குச் சித்தமானால்" என்பதைப் பணிவாகவும் சொல்லுங்கள்.

மருந்தை நிறுத்தாதீர்கள். இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மருந்து, மனநல மருந்து எதுவானாலும் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளில் பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தரே சொன்ன பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா (ஏசாயா 38:21). பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியுள்ளவனாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). அது பவுலின் விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லத் துணிவதில்லை, உங்கள் சபையில் படுத்திருக்கும் நோயாளியிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? உபவாச ஜெபத்திலும் இதே கவனம் வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் சாப்பாட்டை விடுவதற்குப் பதில் ஒரு நாள் கைப்பேசியையும் டிவியையும் விடலாம்.

எவ்வளவு நாள் கேட்பது, எப்போது நிறுத்துவது

மழை அனுப்புவேன் என்று கர்த்தர் சொல்லிவிட்ட பிறகும் எலியா கர்மேல் மலைமேல் குனிந்து ஜெபித்தார். அவருடைய வேலைக்காரன் ஏழாவது முறை போய்ப் பார்த்தபோதுதான் உள்ளங்கை அளவு மேகம் (1 இராஜாக்கள் 18). எனவே எழுதப்பட்ட விண்ணப்பங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது, கேட்டுக்கொண்டே இருங்கள்.

எழுதப்படாதவற்றுக்கு முடிவு உண்டு. பதில் தெளிவாக வந்துவிட்டால் நிறுத்துங்கள். யோர்தானைக் கடக்க வேண்டும் என்று மோசே கெஞ்சினார். போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம் என்றார் கர்த்தர் (உபாகமம் 3:26). பவுல் தம் சரீரத்தில் முள்ளாய்க் குத்திய உபத்திரவம் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்ததும் நான்காவது தரம் கேட்டதாக எழுதவில்லை. வேறொருவர் அந்த வேலையில் சேர்ந்தாயிற்று, அந்தப் பெண்ணுக்குத் திருமணம் ஆயிற்று என்றால் அந்தப் பக்கத்தைத் தேதி போட்டு மூடுங்கள்.

மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, நோட்டைப் பின்னோக்கிப் படியுங்கள். பதில் பகுதியில் "ஆம்", "இல்லை" என்ற இரண்டு முத்திரை மட்டும் போதாது. ரோமர் 15:31–32-ல் பவுல் மூன்று விண்ணப்பம் வைக்கிறார்: யூதேயாவிலுள்ள அவிசுவாசிகளுக்குத் தப்ப வேண்டும், எருசலேமுக்குக் கொண்டுபோகும் உதவி பரிசுத்தவான்களுக்குப் பிரியமாயிருக்க வேண்டும், தேவ சித்தத்தினாலே சந்தோஷத்தோடே ரோமுக்கு வந்து இளைப்பாற வேண்டும். அப்போஸ்தலர் 21 முதல் 28 வரை படித்து இதற்குப் பதில் எழுதிப் பாருங்கள், நல்ல பயிற்சி. எருசலேமில் சகோதரர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தேவாலயத்தில் பிடிபட்டார். கொலை செய்யச் சபதம் எடுத்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து உயிர் தப்பினார், அதுவும் ரோமச் சேவகர்களின் பாதுகாப்பில். செசரியாவில் இரண்டு வருஷம் காவல். 276 பேரோடு கப்பல் உடைந்தது, மெலித்தா தீவில் மூன்று மாதம். கடைசியில் ரோம் வந்தது, கைதியாக. இதை "ஆம்" என்று எழுதுவதா, "இல்லை" என்றா? "கேட்டது கிடைத்தது, கேட்ட வழியில் அல்ல" என்று மூன்றாவது முத்திரை ஒன்று வேண்டும். உங்கள் நோட்டிலும் அதற்குத்தான் அதிக வேலை இருக்கும்.

"இல்லை" என்று வந்த பக்கத்தை என்ன செய்வது? தாவீது வியாதியாய்க் கிடந்த தம் பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தார். பிள்ளை இறந்தது தெரிந்ததும் எழுந்து, குளித்து, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார் (2 சாமுவேல் 12). அந்த வரிசையை அப்படியே பின்பற்றலாம். ஆராதனையை விட்டுவிடாதீர்கள், அழுகை வந்தால் அங்கேயே அழலாம், சங்கீதங்களில் பல அதற்காகவே இருக்கின்றன. அந்த வாரம் புதிய விண்ணப்பம் எதையும் தொடங்க வேண்டாம்.

மற்றவர்களோடு சேர்ந்து

தனியாக ஒரு மாதம் பழகிய பிறகு, இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுவில் சேருங்கள். ஜெபக் குறிப்பு கொடுக்கும்போது ஒரு வரிக்கு மேல் வேண்டாம்; "ஒரு சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக" என்றால் போதும், பெயரும் சண்டைக்குக் காரணமும் தேவனுக்குத் தெரியும். ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் பாதி ஊர் வம்பு ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஓடுவது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். ஒருவர் விண்ணப்பம் வைத்தால் மற்றவர்கள் அதை மூன்று வகையில் எது என்று பிரிக்க உதவுங்கள். விரோதமானது என்று பட்டால் ஆமென் சொல்லாமல், ஜெபம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பதில் வந்தால் அடுத்த கூட்டத்தில் விண்ணப்பங்களுக்கு முன்பாக அதைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுங்கள், வந்த பதில் மூன்றாவது முத்திரையாக இருந்தாலும்.